தேவிகுளத்து மேடையும் சேரிக் கொட்டும்

போரும் அரசியலும் இருபதாம் நூற்றாண்டுப் பண்பாட்டை என்ன செய்தன என்று கேட்டால் நம் சிறுபத்திரிகைக்காரர்கள் எங்கே ஆரம்பிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். 1916-ல் ஜூரிச் நகரத்துச் சாராயக்கடை ஒன்றில் பிறந்த டாடாயிசம். 1937-ல் பிக்காசோ வரைந்த குவெர்னிக்கா. அப்புறம் பிரெக்ட், சார்த்தர், காம்யு. படித்தவர்கள் படித்ததைச் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. நானும் குவெர்னிக்காவின் அச்சுப் படத்தை ஒரு பத்திரிகையின் நடுப்பக்கத்தில் பார்த்துவிட்டு ரெண்டு நாள் தூங்காமல் கிடந்தவன்தான். ஆனால் இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த மார்க்கையன்கோட்டையில், எங்கள் வீட்டுப் பரணில், தோல் கிழிந்த கொட்டு ஒன்றும் காக்கி நிறத்தில் ஒரு பட்டாளத்துக் கோட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது புரிய எனக்கு ரொம்ப வருசம் ஆச்சு. அந்தச் சம்பந்தத்தை எந்த விமர்சகரும் எழுதவில்லை என்பதால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

கோட்டு எங்க தாத்தாவுடையது. இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போனவர். துப்பாக்கி பிடித்தவர் இல்லை, ரோடு போட்டவர். பர்மா எல்லையில் மலையை வெட்டி லாரி போக வழி செய்கிற கூட்டத்தில் மண்வெட்டியோடு நின்றவர். கம்பம் பள்ளத்தாக்கில் வரப்பு வெட்டின அதே கைக்கு அங்கே சம்பளம், பூட்ஸ், வேளைக்குச் சோறு. போர் முடிந்து ஊருக்கு வந்தவர் கோட்டைப் போட்டுக்கொண்டு ஊர்த் தெரு வழியாக நடந்ததும், கழற்றச் சொன்னதும், கழற்ற மாட்டேன் என்றதும் எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்லப்படுகிற கதை. கதையில் அவர் ஜெயித்தாரா என்று கேட்காதீர்கள். ஒரு தடவை ஜெயித்தார், பல தடவை அடி வாங்கினார். ஆனால் ஒரு விசயத்தில் கடைசிவரைக்கும் அசையவில்லை. ஊர்ச் சாவுக்குக் கொட்டு அடிக்கப் போகவே இல்லை.

அப்பத்தா சொல்லும்: "உங்க தாத்தன் வீம்புக்காரன்டா. கேதம் சொல்லப் போன்னு ஆள் விட்டாக. இவரு திண்ணைய விட்டு எறங்கல. பட்டாளத்துல விசில் அடிச்சா அம்புட்டுப் பேரும் ஓடியாந்து வரிசையில நிக்கணும், அதுக்கு நான் ஓடுவேன். இங்க விசில் அடிச்சா நான் மட்டும் ஓடணுமா, அதுக்கு ஓட மாட்டேன்னாரு. அன்னைக்குப் போன களத்து நெல்லு தான், பெறகு வரவே இல்ல."

இந்தப் பேச்சுக்குள் கலாச்சாரக் கோட்பாடு முழுசும் இருக்கிறது. பட்டாளத்தில் இருந்ததும் அடிமை வேலைதான், வெள்ளைக்காரனுக்காகச் செய்த வேலைதான். ஆனால் அங்கே கட்டளைக்கு முன்னால் எல்லாரும் ஒண்ணு. ஊரில் கட்டளைக்கே சாதி உண்டு. சாவுக்கு அடிக்கிற கொட்டு கலை இல்லை, கட்டாயம் என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் என்பது என் கணிப்பு. நம்மில் பலர் பறை மறுப்பை 1980களிலிருந்து தொடங்கிச் சொல்கிறோம். 1945-லிருந்து தொடங்கினால்தான் கணக்குச் சரியாக வரும்.

எங்க தாத்தா ஒற்றை ஆள் இல்லை. தியாகி இம்மானுவேல் சேகரனும் பட்டாளத்துக்காரர்தான். ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, முகவை மாவட்டத்தில் ஒடுக்கப்பட்டவர்களைத் திரட்டினார். 1957 செப்டம்பர் 10-ல் சமாதானக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். வடக்கே போனால் அம்பேத்கரே மாவ் பாளையத்தில், 1891-ல், ஒரு சுபேதாரின் மகனாகப் பிறந்தவர். மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை வெள்ளைக்காரன் 1890களில் நிறுத்தினான். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது திரும்பச் சேர்த்தான். போர் முடிந்ததும் கலைத்தான். 1941-ல் மறுபடி மகர் ரெஜிமெண்ட் என்று உருவாக்கினான். தேவைப்பட்டால் வீரன், தேவை தீர்ந்தால் தீண்டத்தகாதவன். இதை நன்றாகத் தெரிந்திருந்தும் அம்பேத்கர் இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் சேரச் சொன்னார். காந்தியவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் அதற்காக அவரைத் திட்டினார்கள். (கம்யூனிஸ்டுகள் 1941 ஜூனுக்குப் பிறகு அவர்களும் போரை ஆதரிக்க வேண்டி வந்ததைத் தனியாகப் பேசலாம்.) சீருடை ஒரு சேரி மனிதனின் முதுகெலும்பை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். அவர் வீட்டிலேயே பார்த்திருக்கிறார்.

இதெல்லாம் தமிழ் இலக்கியத்தில் எங்கே இருக்கிறது? உலகப் போரை எழுதிய தமிழ் நாவல் என்றால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). நம் பக்கத்து ஆள், சிங்கம்புணரிக்காரர். மெடானில் வேலை பார்த்தவர், போரைக் கண்ணால் கண்டவர். மொழியில் அவர் காட்டியிருக்கிற வீச்சுக்கு ஈடாக இன்னொன்று சொல்ல எனக்கும் தெரியவில்லை, அதை ஒத்துக்கொண்டே பேசுகிறேன். ஆனால் அந்த நாவலின் உலகம் மார்க்கா போட்ட லேவாதேவிக் கடை, அதன் அடுத்தாள், மேலாள், கப்பல் சரக்கு, சாகசம் செய்கிற படித்த இளைஞர்கள். அதே மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் பெரும்பகுதி யார்? சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் ஜப்பான்காரன் 1942-43-ல் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, காட்டுக்குள் வாந்திபேதியில் கும்பல் கும்பலாகச் செத்தவர்கள் யார்? அறுபதாயிரம் வெள்ளைக் கைதிகள் அங்கே வேலை செய்தார்கள், அதில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறை உண்டு, பேர் உண்டு, ரெஜிமெண்ட் எண் உண்டு. ஆசியக் கூலிகள் இரண்டு லட்சம் பேர் அளவில் கொண்டுபோகப்பட்டார்கள், செத்தவர்கள் தொண்ணூறாயிரம் இருக்கலாம் என்கிறார்கள். 'இருக்கலாம்' என்ற சொல்தான் அவர்களுடைய கல்லறை. 1957-ல் 'குவாய் நதிப் பாலம்' என்று டேவிட் லீன் படம் எடுத்தார். இலங்கையில் கித்துல்கலவில் போய் எடுத்தார். தமிழ்த் தோட்டக் கூலிகள் வாழ்கிற தீவிலேயே படம் பிடித்தார்கள். ஆனால் கதை முழுக்க வெள்ளைக் கைதிகளின் கதை.

மலேசியாவில் ஆர். சண்முகம் 1993-ல் 'சயாம் மரண ரயில்' எழுதினார். பிறகு அ. ரங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். கூலிகளின் கதை கூலிகளின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் அச்சுக்கு வந்தது. அம்பது வருசம். சிங்காரத்தைக் கொண்டாடுகிற விமர்சகர்கள் இந்த நாவல்களைப் பற்றிப் பேசும்போது 'கலையாக்கம் போதாது' என்பார்கள். சரி, போதாதுதான். ஆனால் போருக்குள் யார் எங்கே நின்றார்கள் என்பது எழுத்தின் நடையையும் தீர்மானிக்கிறது. கடைப் பெட்டியடியிலிருந்து பார்த்தவனுக்குப் போர் ஒரு புயல், தோணி, சாகசம். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்தவனுக்கு நடை என்ன வேண்டிக்கிடக்கு?

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விசயம். போர் எங்கள் பள்ளத்தாக்குக்குள் பாட்டாக வந்த கதை.

1941 ஜூன் 22-ல் ஹிட்லர் சோவியத் நாட்டுக்குள் புகுந்தான். அதுவரைக்கும் ஏகாதிபத்தியப் போர் என்று சொன்ன இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி மக்கள் போர் என்று மாற்றிச் சொன்னது. 1934-லிருந்து தடை செய்யப்பட்டிருந்த கட்சியை 1942 ஜூலையில் வெள்ளைக்காரன் சட்டப்பூர்வமாக்கினான். அதற்காகக் கட்சி வாங்கிய வசவு கொஞ்சமல்ல. ஆனால் பண்பாட்டில் அதனால் ஒன்று நடந்தது. வெளியே வந்து கூட்டம் போட முடிந்தது. 1943 மே மாதம் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் பிறந்தது. அதே வருசம் வங்கத்தில் பஞ்சம், முப்பது லட்சம் பேர் செத்தார்கள் என்பது கணக்கு. ரங்கூன் விழுந்து பர்மா அரிசி நின்று போனதும் பஞ்சத்துக்கு ஒரு காரணம். பஞ்ச நிதிக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு குழுக்கள் ஊர் ஊராகப் போயின. படிக்காத சனத்துக்குச் சொல்ல வேண்டுமென்றால் அவர்கள் மெட்டில்தான் சொல்ல வேண்டும் என்று கட்சி கண்டுகொண்டது. கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி, வில்லுப்பாட்டு எல்லாம் மேடைக்கு வந்தன. ஸ்டாலின்கிராடுக்கும் தெம்மாங்குக்கும் என்ன சம்பந்தம் என்றால் இதுதான்.

மெட்டு யாருடையது? நடவு வயலில் குலவை போட்டுப் பாடுகிறவள் யார்? கம்பம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரைக்கும் முல்லைப் பெரியாறு பாய்கிற இருபோக வயல் 14,707 ஏக்கர் என்று பொதுப்பணித் துறை சொல்லும். அந்த ஏக்கர்களில் நட்ட கைகளைக் கணக்கெடுத்தால் பாட்டு யார் வாயில் பிறந்தது என்று தெரிந்துவிடும். நா. வானமாமலை அந்தப் பாட்டுகளையெல்லாம் பாடுபட்டுத் திரட்டினார். 1964-ல் வந்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' இல்லாமல் நாட்டார் வழக்காற்றியல் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. அவருக்கு நன்றி சொல்ல நமக்குத் தயக்கமில்லை. ஆனால் புத்தகத்தின் தலைப்பைப் பாருங்கள். சேரியில் எடுத்தது அச்சுக்குப் போகும்போது தமிழர் பாட்டு ஆகிறது, கட்சி மேடைக்குப் போகும்போது உழைக்கும் மக்கள் பாட்டு ஆகிறது. பாடினவளின் தெருப் பேர் மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிடுகிறது.

இந்த வழியில்தான் பாவலர் வரதராசன் வருகிறார். பண்ணைப்புரம் எங்கள் உத்தமபாளையம் தாலுகாவுக்குள்தான். ஆர்மோனியப் பெட்டியும் கணீரென்ற குரலுமாக அவரும் தம்பிகளும் கட்சிக்காகப் பாடாத மேடை இந்தச் சுற்றுவட்டத்தில் குறைவு. அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த சினிமா மெட்டையும் ஊர் மெட்டையும் எடுத்து, அதற்குள் விலைவாசியையும் கூலியையும் போலீஸ் தடியடியையும் வைத்துப் பாடுவார். ஆளும் கட்சியை அவர் கிண்டல் செய்த வரிகளுக்கு எங்கள் தெருக் கிழவிகள் பொக்கை வாயால் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன், அவர் பாடி முப்பது வருசத்துக்கு அப்புறம், ஞாபகத்திலிருந்து சொல்லிச் சிரித்தார்கள்.

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. தமிழர் நிலம் போச்சே என்று மேடை மேடையாக அழுதார்கள். அந்த மலைகளில் தேயிலை கிள்ளியவர்களும் ஏலக்காய் எடுத்தவர்களும் பெரும்பாலும் யார் என்று அழுதவர்கள் சொல்லவில்லை. அது எங்கள் சனம். இன்றைக்கும் விடிகாலை நாலு மணிக்குக் கம்பம் மெட்டுக்கும் போடி மெட்டுக்கும் குமுளிக்கும் ஜீப்பில் அடைந்துகொண்டு மலைவேலைக்குப் போகிறது எங்கள் பொம்பளைகள்தான். அவர்களுக்கு எல்லை என்பது செக்போஸ்டில் ஜீப் நிற்கிற அஞ்சு நிமிசம்.

1957-ல் கேரளத்தில் இ.எம்.எஸ். மந்திரிசபை. 126 இடத்தில் கட்சிக்கு 60, கூட அஞ்சு சுயேச்சைகள். மயிரிழை பெரும்பான்மை. தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று ஆகி, 1958 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. மந்திரிசபையின் உயிரே அதில் ஊசலாடியது. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் பனிப்போர் நடந்த காலம். உலகத்தில் தேர்தல் மூலமாக வந்த கம்யூனிஸ்டு அரசாங்கம் என்று இதன்மேல் எல்லார் கண்ணும் இருந்தது. பிற்காலத்தில் இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான், 1978-ல் எழுதிய புத்தகத்தில், இந்திய மாநிலத் தேர்தல்களில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் தங்கள் நாடு ஒரு கட்சிக்கு இரண்டு முறை பணம் கொடுத்தது, அதில் ஒன்று கேரளம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட காலத்து மலை அது. அந்த மலைக்குத்தான் பண்ணைப்புரத்துச் சேரியிலிருந்து ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாவலர் போனார். தேயிலைத் தோட்டத்து லயங்களில் தமிழில் பாடினார். ரோசம்மா ஏழாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று கட்சிக்காரர்களே சொல்வதுண்டு. அண்ணனோடு அந்தக் காலத்தில் பாடத் தொடங்கியவர்தான் பதினாலு வயது ராசையா. உலகத்துக்கு இளையராஜா.

ஆர்மோனியம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அகில இந்திய வானொலி 1940-லிருந்து 1971 வரைக்கும் ஆர்மோனியத்தைத் தடை செய்து வைத்திருந்தது. சுருதி சுத்தமில்லாத அந்நியக் கருவியாம். வானொலி தீண்டாத கருவியை, ஊர் தீண்டாத ஆட்கள் எடுத்து வாசித்து, ஒரு சட்டமன்றத் தொகுதியையே ஜெயித்துக் காட்டினார்கள். இதைவிடப் பெரிய எதிர்க் கலாச்சாரம் என்ன இருக்கிறது? சிறுபத்திரிகையில் ஜூரிச் சாராயக்கடையைப் பற்றி எழுதுகிறவர்கள் தேவிகுளத்து லயத்தைப் பற்றி எழுதியிருக்கலாம்.

ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாவலரின் மேடையில் ஆர்மோனியம் இருந்தது. பறை ஏன் இல்லை? கூலி இருந்தது, விலைவாசி இருந்தது, முதலாளி இருந்தான். ரெட்டைக் கிளாஸ் எந்த அளவுக்கு இருந்தது? கட்சியைக் கேட்டால் வர்க்கம் வந்தால் சாதி போகும் என்றார்கள். எங்க தாத்தாவும் கட்சிக் கூட்டத்துக்குப் போனவர்தான். "பாட்டு நல்லாத்தான் இருக்கும். கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கப் போனா தோழருக்குப் பித்தள டம்ளரு, எனக்குச் செரட்ட" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். கட்சி நமக்கு மேடை கொடுத்தது, அதை மறுக்க முடியாது. திராவிட இயக்கம் கொடுத்ததா? மேடை என்ற ஒன்றில் ஏறி நின்று மைக்கைப் பிடித்துப் பாடிய முதல் சேரிக் குரல்கள் இந்தப் பள்ளத்தாக்கில் செங்கொடி மேடையில்தான் பாடின. ஆனால் ஏறும்போது சாதியைக் கீழே செருப்போடு விட்டுவிட்டு ஏறச் சொன்னார்கள். இறங்கி வந்தபோது அது அங்கேயே காத்துக்கொண்டிருந்தது.

திராவிட இயக்கத்துக்குப் பாட்டைவிடப் பேச்சு. அந்தப் பேச்சு முழுக்கப் போர். தளபதி, படை, பாசறை, போர்வாள், களம். கலைஞரின் 'முரசொலி' 1942-ல், போர்க் காலத்தில், துண்டறிக்கையாகப் பிறந்தது. புறநானூற்று வீரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தமிழனுக்கு மார்பு விரிய வைத்தார்கள். முரசு அரசனுடைய கருவி, கட்டிலில் ஏற்றிக் கும்பிட்ட கருவி. அதே புறநானூற்றில் பறையனையும் நாட்டின் குடிகளில் ஒன்றாக எண்ணுகிற பாட்டும் இருக்கிறது. மேடையில் அது எத்தனை தடவை வந்தது என்று கேட்டவர்கள் சொல்லட்டும். (1997-ல் வந்த நம் 'தலித் முரசு'க்கும் முரசு என்றுதான் பேர். அதையும் யோசிக்கத்தான் வேண்டும்.)

1962 சீனப் போர் எல்லாரையும் புரட்டிப் போட்டது. அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். அடுத்த வருசம் சிவாஜி 'இரத்தத் திலகம்' படத்தில் சீனாக்காரனோடு சண்டை போட்டார். 1964-ல் கம்யூனிஸ்டுக் கட்சி இரண்டாக உடைந்தது, பாடகர்களும் கேட்பவர்களும் இரண்டானார்கள். 1968-ல் பண்ணைப்புரத்துத் தம்பிகள் சென்னைக்கு வண்டி ஏறினார்கள். அதே வருசம் டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். 1976 மே மாதம் 'அன்னக்கிளி' வந்தது. நெருக்கடி நிலைக் காலம், தி.மு.க. ஆட்சியைக் கலைத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. கூட்டம் போட முடியாது, எழுத முடியாது. அப்போது தமிழ்நாடு முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது நடவு வயலின் குரல். வரியில் அரசியல் துளியும் இல்லை. மெட்டில் மட்டும் எங்கள் வயல் இருந்தது. அதைக் கேட்டு எங்க அப்பத்தா "நம்ம பாட்டுடா" என்று சொன்னதை நான் எந்த விமர்சனக் கட்டுரைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதனால்தான் அடுத்ததைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது.

1989 செப்டம்பரில் போடி பகுதியில் சாதிக் கலவரம். குடிசைகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் யாரோடு யார் டீ குடிப்பது என்பதுகூட அதற்குப் பிறகு மாறிப் போனது. 1991-ல் அம்பேத்கர் நூற்றாண்டு. தெருவுக்குத் தெரு படம் திறந்தோம். 1992 தீபாவளிக்குத் 'தேவர் மகன்' வந்தது. அதில் சாதிப் பெருமை பேசுகிற ஒரு பாட்டு. அதற்கு அடுத்த வருசம் எங்கள் தெரு முனையில் ஒரு ஊர்வலம் நின்றது. வேனில் ஒலிபெருக்கி. அந்தப் பாட்டை எங்கள் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்து, முடிய முடியத் திரும்பப் போட்டார்கள். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சின்னப் பையன்கள் கையில் கல்லை எடுத்தார்கள், பெரியவர்கள் பிடுங்கிப் போட்டார்கள். அப்பத்தா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. "ராசையா மெட்டு மாதிரி இருக்கு" என்றது. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு இசையமைப்பாளர் படத்தின் சூழலுக்கு மெட்டுப் போடுகிறார், அதை வைத்து வெளியே என்ன செய்கிறார்கள் என்பதற்கு அவர் பொறுப்பா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் அவரைக் குற்றக் கூண்டில் ஏற்றவில்லை. சாதி அடையாளத்துக்குள் தன்னை அடைக்காதே என்று சொல்ல ஒரு கலைஞனுக்கு உரிமை உண்டு. 2022-ல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட ஒரு புத்தகத்துக்கு அவர் முன்னுரை எழுதியபோது நம்மவர்கள் கொதித்தார்கள், நானும் கொதித்தேன். ஆனால் என்னுடைய பிரச்சினை அந்த ஆள் இல்லை, அந்த மெட்டு போன பாதை. வயலிலிருந்து செங்கொடி மேடைக்கு, அங்கிருந்து சினிமாவுக்கு, அங்கிருந்து ஊர்வல வேனுக்கு, வேனிலிருந்து மறுபடியும் எங்கள் தெரு முனைக்கு. எங்களிடமிருந்து எடுத்தது எங்களை அடிக்கத் திரும்பி வந்தது. நாட்டார் கலையைப் 'பொது'வாக்கினால் என்ன ஆகும் என்பதை எந்த மார்க்சிய அழகியலும் எங்களுக்கு இப்படிச் சொல்லித் தரவில்லை. சாதிச் சமூகத்தில் பொது என்று ஒன்று கிடையாது. யார் கையில் ஒலிபெருக்கி இருக்கிறதோ அவன் பொது.

போர் எப்படிச் சாதியை மூடும் என்பதற்கு ஈழத்தைப் பார்க்கலாம். 1967-லிருந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் யாழ்ப்பாணத்தில் கோயில் கதவையும் தேநீர்க்கடைக் கதவையும் தட்டியது. கே. டானியல் 1972-ல் 'பஞ்சமர்' எழுதினார். பிறகு போர் வந்தது. எதிரி முன்னால் நிற்கும்போது சாதி பேசாதே என்றார்கள். டானியல் 1986-ல் தஞ்சாவூரில் செத்தார். 2009-ல் போர் முடிந்தது, சாதி முடியவில்லை. இது தனிக் கட்டுரைக்கான விசயம், ஈழத்துத் தலித் தோழர்கள் எழுதத்தான் வேண்டும்.

கொட்டுக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் எங்களுக்குள் ரெண்டு கட்சி. சாவுக்கு அடிக்க மாட்டோம், கொட்டைக் கிழித்து எறிவோம் என்றது ஒன்று. கே.ஏ. குணசேகரனின் தன்னானே குழு, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை தியாபிலஸ் அப்பாவு என்று இன்னொரு பக்கம்: பறை இழிவு இல்லை, அது நம் போர்க் கருவி, மேடையில் நின்று அடிப்போம் என்றார்கள். நகரத்து இளைஞர்கள் சட்டையில்லாமல், தலையில் துண்டு கட்டிக்கொண்டு மேடையில் அடித்தார்கள். கைதட்டல் வானத்தைப் பிளந்தது. அடித்தவர்களில் பாதிப் பேருக்குத் தோலைத் தீயில் காய்ச்சத் தெரியாது, ஒரு பையன் அடிக்குச்சி எது, சிண்டுக்குச்சி எது என்று எங்களிடம் கேட்டான். சொல்லிக் கொடுத்தோம். பல்கலைக்கழகத்திலும் மாநாட்டிலும் அது கலை. ராத்திரி ஒரு மணிக்கு ஊரில் சாவு விழுந்து ஆள் வந்து கதவைத் தட்டும்போது அது என்ன? ரெண்டுக்கும் ஒரே தோல், ஒரே குச்சி. யார் கூப்பிடுகிறார்கள், மாட்டேன் என்று சொல்ல முடியுமா, இதில்தான் கலையும் கட்டாயமும் பிரிகின்றன. சேரிக்காரன் மறுக்க முடிந்த பிறகுதான் பறை இசை ஆகும். மேடைப் பறையைப் பார்த்துப் பரவசப்பட்டு எழுதுகிற தோழர்கள் அந்த மறுப்புக்கு எங்கள் ஆட்கள் கொடுத்த விலையை ஒரு வரியாவது எழுதலாம். களத்து நெல் நின்றது, மாட்டுக்குப் புல் அறுக்க வரப்பில் விடவில்லை, கடையில் கடன் இல்லை.

தாத்தா செத்தது 1994 மாசியில். கொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெருவில் பேச்சு வந்தது. வாழ்நாள் முழுக்க ஊருக்கு அடிக்காத மனிதன், அவருக்கே அடிக்கலாமா? இளவட்டங்கள் வேண்டாம் என்றார்கள். அப்பத்தாதான் எழுந்து வந்து சொன்னது: "ஊருக்குத்தான அடிக்க மாட்டேன்னாரு. எனக்கு அடிக்க மாட்டேன்னு எப்பச் சொன்னாரு? பரண்ல கெடக்கத எறக்குங்கடா."

இறக்கினோம். தோல் கிழிந்திருந்தது, அடிக்க முடியவில்லை. சின்னமனூரிலிருந்து பேண்டு செட் வந்தது. பட்டாளத்து உடுப்பு மாதிரி சிவப்புக் கோட்டு போட்ட ஆட்கள், கிளாரினெட், டிரம்பெட், பெரிய டிரம். சேரிப் பையன்கள்தான், சர்ச்சில் வாசிக்கக் கற்றவர்கள். அவர்கள் 'அன்னக்கிளி' மெட்டு ஒன்றை நிறுத்தி நிதானமாக வாசித்துக்கொண்டே முன்னால் போனார்கள். ஊர்த் தெரு வழியாகப் போகக் கூடாது என்று ஆற்றுப் பக்கம் கைகாட்டினார்கள். காக்கிக் கோட்டைப் பாடை மேல் போர்த்தியிருந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாக ஓடியது.